பழம் பாயும் பெரிய ஆஸ்பத்திரியும்

என் ஆச்சிக்கு ஆஸ்பத்திரி என்றால் ஆகாது. "உசிரோட போனவளக் கட்டிலோட தூக்கியாந்தாச்சு. இனிமே இந்த வீட்டுப் பொம்பளை எவளும் அந்தப் படிய மிதிக்கப்படாது" என்று 1934-ஆம் வருஷம் அவள் நடுவாசலில் நின்று சொன்னாளாம். அந்தக் கட்டளையை எங்கள் குடும்பம் ஏறக்குறைய இருபது வருஷம் காப்பாற்றிற்று. அதன் பயனாக 1948-இல் நானும் பத்தமடையில், ஆச்சி வீட்டுப் பின்கட்டில், ஒரு கிழிந்த பாயின்மேல் பிறந்தேன்.

பத்தமடைக்காரன் கிழிந்த பாயில் பிறந்தேன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். தாமிரபரணிக் கரையில் விளைந்த கோரையை நீரில் ஊறப்போட்டு, மயிரிழை போல் கீறி, பாவோட்டி நெய்து, பட்டுத் துணியைப் போல மடித்துக் கையில் கொடுக்கிற ஊர் அது. அங்கே உள்ள முஸ்லிம் நெசவாளர் குடும்பங்களின் கைநயத்துக்கு ஈடு கிடையாது. கல்யாணப் பாய் என்றால் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் எழுத்தெழுத்தாக அதிலேயே நெய்துவிடுவார்கள். ஆனால் பிரசவத்துக்கு அந்தப் பாயை யார் விரிப்பார்கள்? பிரசவம் தீட்டு அல்லவா? தீட்டுப்பட்டதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. ஆகையால் தூக்கி எறியவேண்டிய பாயாக, கந்தல் துணியாகப் பார்த்து எடுத்து வைப்பார்கள். ஊரிலேயே நேர்த்தியான பாயை நெய்கிற தெருவுக்கு நான்கு தெரு தள்ளி, ஒரு பெண் தன் உயிருக்குப் போராடும் நேரத்தில், அந்த வீட்டிலேயே அழுக்கான பாய் எதுவோ அதில் படுத்திருப்பாள்.

1934-இல் அப்படிப் படுத்தவள் என் தாயாரின் அக்காள், எனக்குப் பெரியம்மை. வயது பதினெட்டு. தலைப் பிரசவம். இரண்டு இரவும் ஒரு பகலும் வலி. உள்ளூர் மருத்துவச்சி தன்னால் ஆனமட்டும் பார்த்தாள்; உள்ளே கையை விட்டும் பார்த்தாள். பிறகு தாத்தா ஒருவரிடம் காரை இரவல் வாங்கிக்கொண்டு டவுனில் இருந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவளைக் கொண்டுபோனார். அங்கே ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை, பிழைத்துக்கொண்டது. தாயும் அன்று நன்றாகத்தான் இருந்தாள். சுக்குக் காப்பி கேட்டாளாம். மூன்றாம் நாள் உடம்பு தூக்கிப்போடும் குளிர். பிறகு நெருப்பாய்க் காய்ச்சல். பிறகு பிதற்றல். ஆறாம் நாள் முடிந்துவிட்டது. 'பிரசவ ஜன்னி' என்றார்கள்.

ஆச்சி ஆஸ்பத்திரிமேல் பழியைப் போட்டாள். தாத்தா, தாம் சாகும் வரையில், மருத்துவச்சியைத்தான் சொன்னார். "அவ நகத்தப் பாத்தியா நீ?" என்பார். "டாக்டரம்மா மட்டும் நகமில்லாமலா இருந்தா?" என்பாள் ஆச்சி. இந்த வழக்கு முப்பது வருஷம் நடந்தது. தீர்ப்பாகவில்லை. சிறு பிள்ளையாக அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பிற்பாடு ஒரு விஷயம் தெரியவந்தபோது திடுக்கிட்டது: இதே வழக்கு, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறு வருஷத்துக்கு மேலாக நடந்திருக்கிறது. யாருடைய கை என்பதுதான் கேள்வி.

ஜன்னி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வாதம், பித்தம், சிலேத்துமம் மூன்றும் ஒருசேரக் கெடுவதைச் சந்நிபாதம் என்றது நம் வைத்தியம். அதுதான் ஜனங்கள் வாயில் ஜன்னியாயிற்று. நடந்ததை இந்தக் காலத்து டாக்டர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். ஆரோக்கியமான மனிதனின் ரத்த ஓட்டத்தில் கிருமிகள் குடியிருப்பதில்லை. தோலில் உண்டு, குடலில் கோடானுகோடி உண்டு. எப்போதாவது ரத்தத்தில் நாலு புகுந்தாலும் உடம்பு உடனே துரத்திவிடும். பிள்ளை பெற்றவளின் கருப்பையின் உட்புறமோ, நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் ஒரு பெரிய பச்சை ரணம். அங்கே ஒரு விரல் கிருமியைக் கொண்டு வைத்துவிட்டால் அது ரத்தத்தில் இறங்கிப் பெருகுகிறது. அதை எதிர்த்து உடம்பு போடும் சண்டையிலேயே ரத்தக் குழாய்கள் தளர்ந்துவிடுகின்றன, ரத்த அழுத்தம் விழுகிறது, சிறுநீரகம் நின்றுபோகிறது. குளிரும் பிதற்றலும் அதன் வெளி அடையாளங்கள்.

இனி வியன்னாவுக்குப் போகலாம். ஐரோப்பாவின் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்று அங்கே இருந்தது. அதில் ஏழைப் பெண்களுக்கு இரண்டு பிரசவப் பகுதிகள். ஒன்றில் வைத்தியம் படிக்கும் மாணவர்கள் பயின்றார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். இன்று இதில், நாளை அதில் என்று முறைவைத்துக் கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொள்வார்கள். 1841 முதல் 1846 வரை ஆறு வருஷத்தில் மாணவர் பகுதியில் பிரசவித்தவர்கள் 20,042 பேர். அவர்களில் இறந்தவர்கள் 1,989 பேர். மருத்துவச்சிகள் பகுதியில் 17,791 பேருக்கு 691 பேர். ஒரே கூரை, ஒரே உணவு. ஒரு வாசலில் நுழைந்தால் பத்துக்கு ஒருத்தி சாகிறாள், அடுத்த வாசலில் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. இது ஊர் முழுவதும் தெரிந்த சங்கதி. மாணவர் பகுதியின் முறை நாளில் வந்து சேர்ந்த பெண்கள், அங்கே போடவேண்டாம் என்று முழங்காலிட்டுக் கெஞ்சியிருக்கிறார்கள். வேண்டுமென்றே வழியில் பெற்றுவிட்டுப் பிறகு குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. அந்தத் தெருப் பிரசவக்காரிகளுக்கு இந்த ஜுரம் அரிதாகவே வந்தது! என் ஆச்சியை அறியாமை பிடித்தவள் என்று நான் பட்டணத்தில் படித்துவிட்டு வந்த புதிதில் நினைத்ததுண்டு. வியன்னாவின் பெண்களும் அதே அறியாமையில்தான் இருந்தார்கள், கணக்கு அவர்கள் பக்கம் இருந்தது.

அந்த மாணவர் பகுதியில் உதவி டாக்டராக இருந்தவர் இக்னாஸ் ஸெம்மல்வைஸ் என்ற ஹங்கேரி தேசத்து வாலிபர். 1818-இல் பிறந்தவர். இந்தக் கணக்கு அவரைத் தூங்கவிடவில்லை. காற்று கெட்டதென்றால் இரண்டு பகுதிக்கும் ஒரே காற்று. கூட்டம் என்றால் மருத்துவச்சிகள் பக்கம்தான் பெண்கள் முண்டியடித்தார்கள். இறந்துகொண்டிருப்பவளுக்குக் கடைசிச் சடங்கு செய்ய பாதிரியார் மணியடித்துக்கொண்டு அந்தக் கூடத்தின் வழியாகப் போவதுண்டு. அந்த மணியோசைப் பயத்தால் ஜுரம் வருகிறதோ என்றுகூட யோசித்து, அவரை வேறு வழியாக மணியில்லாமல் போகச் சொல்லிப் பார்த்தார். பயன் இல்லை.

1847 மார்ச்சில் அவர் வெனிஸ் நகரத்துக்குப் போய்விட்டுத் திரும்பியபோது ஒரு துக்கச் செய்தி காத்திருந்தது. அவருடைய நண்பரான கொலெட்ச்கா என்ற பேராசிரியர், பிரேத பரிசோதனை நடக்கும்போது மாணவன் ஒருவனின் கத்தி விரலில் பட்டு, சில நாளில் இறந்துபோனார். அவருடைய உடம்பை அறுத்துப் பார்த்துக் குறித்து வைத்த அறிக்கையை ஸெம்மல்வைஸ் வாசித்தார். பிரசவ ஜுரத்தில் செத்த பெண்களின் உடம்பில் என்னென்ன கண்டார்களோ அதேதான் இந்த ஆண்பிள்ளை உடம்பிலும் இருந்தது. கருப்பையே இல்லாத மனிதனுக்குப் பிரசவ ஜுரம்! ஆகவே அது பிரசவத்தின் வியாதியல்ல, ரத்தத்தில் விஷம் புகுந்த வியாதி. பேராசிரியருக்கு அதைக் கத்தி கொண்டுவந்தது. பெண்களுக்கு எது கொண்டுவந்தது? காலையில் பிணங்களை அறுத்துவிட்டு, வாசனை போகாத கையோடு நேரே வந்து அவர்களைப் பரிசோதித்தவர்கள் யார்? மாணவர்கள், அவர்களுக்குப் போதித்த டாக்டர்கள், அவர்களில் ஸெம்மல்வைஸும் ஒருவர். மருத்துவச்சிகளுக்குப் பிணம் அறுக்கும் வேலை கிடையாது.

அந்த நிமிஷத்தில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மற்றவர்களைவிட அதிகமாகப் பிணங்களை அறுத்து ஆராய்ந்தவர் அவர். ஜுரத்தின் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்காக அறுத்தார். எவ்வளவு சிரத்தையாக ஆராய்ந்தாரோ அவ்வளவு பேருக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எத்தனை பேர் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்று பிற்பாடு தம் புத்தகத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

1847 மே மாத நடுவில், கூடத்துக்குள் நுழைகிற எவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கையைத் தேய்த்துக் கழுவவேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்த ஏப்ரலில் 312 பிரசவத்துக்கு 57 பேர் இறந்திருந்தார்கள். ஜூலையில் 250 பிரசவத்துக்கு மூன்றே பேர்.

இந்தக் கதையை இவ்வளவோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கம். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அதே அக்டோபரில் நடந்தது. கருப்பையில் புற்றுநோய் அழுகி நீர் வடியும் பெண் ஒருத்தியைக் கூடத்தின் முதல் கட்டிலில் போட்டிருந்தார்கள். டாக்டர்கள் தினமும் அந்தக் கட்டிலிலிருந்து ஆரம்பித்து வரிசையாக ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டு போவார்கள். கூடத்துக்குள் நுழையும்போது எல்லோரும் குளோரினில் கை கழுவியாயிற்று. ஒருத்தியைப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் போகும் முன் வெறும் சோப்பு போதும் என்று இருந்துவிட்டார்கள். அவளோடு சேர்த்துப் பிரசவித்த பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் இறந்தார்கள். விஷம் பிணத்திலிருந்து மட்டும் வருவதில்லை, பக்கத்துக் கட்டிலிலிருந்தும் வரும் என்று ஸெம்மல்வைஸ் அப்போதுதான் கண்டார். வாசலில் ஒரு தரம் கழுவினால் தீராது. கட்டிலுக்குக் கட்டில் கழுவவேண்டும்.

உண்மையைச் சொன்னவர் அவர் முதலாமவரும் அல்ல. ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரத்து டாக்டர் அலெக்ஸாண்டர் கார்டன் 1795-லேயே, எந்த மருத்துவச்சி, எந்த டாக்டர் பார்த்த பெண்களுக்கு ஜுரம் வந்ததென்று பெயர்ப் பட்டியலே வெளியிட்டார். அதில் தம் பெயரையும் சேர்த்திருந்தார். ஊரார் அவரை நிம்மதியாக இருக்கவிடவில்லை. அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843-இல் அதையே எழுதினார். பிலடெல்பியாவில் மெய்க்ஸ் என்ற பிரசவப் பேராசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. டாக்டர்கள் கனவான்கள், கனவான்களின் கை சுத்தமானது என்பது அவருடைய வாதம். சிரிக்கலாம். ஆனால் நேற்று வரை உயிர் காப்பவன் என்று தன்னை நினைத்திருந்த ஒருவனைப் பார்த்து, உன் கை கொன்றது என்று சொன்னால் அவன் வேறு என்னதான் சொல்வான்?

ஸெம்மல்வைஸுக்குப் பொறுமை போதாது. எழுதவேண்டிய காலத்தில் எழுதவில்லை. 1861-இல்தான் புத்தகம் வந்தது. பிறகு ஐரோப்பாவின் பெரிய பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் திட்ட ஆரம்பித்தார். கடைசியில் சித்தம் கலங்கியது. 1865-இல் வியன்னாவில் ஒரு மனநோய் விடுதியில் ஏமாற்றிக் கொண்டுபோய் அடைத்தார்கள். இரண்டு வாரத்தில், உடம்பில் பட்ட காயம் சீழ்பிடித்து, ரத்தத்தில் விஷமேறி இறந்தார். வயது நாற்பத்தேழு. கதை எழுதுகிறவன் இப்படி ஒரு முடிவைக் கற்பித்தால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

1879-இல் பாரிஸில் லூயி பாஸ்டர், அந்தக் கிருமி இப்படி இருக்கும் என்று கரும்பலகையில் மணி கோத்த மாலையைப்போல வரைந்து காட்டினார். அதன்பின் வாதம் ஒருவாறு ஓய்ந்தது. அறிவு மட்டும் மெல்லத்தான் நடந்தது. எழும்பூரில் சர்க்கார் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கியது 1844-இல். அதாவது வியன்னாவில் அந்தச் சுண்ணாம்பு நீர்ப் பாத்திரத்தை வைப்பதற்கு மூன்று வருஷம் முன்னால். அந்த ஆஸ்பத்திரியில் பெயர் பெற்ற டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் எழுதிய பிரசவ வைத்தியப் பாடநூல் வெளிவந்தது 1938-இல். இடையில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு. அந்த இடைவெளியின் கடைசியில் என் பெரியம்மை மாட்டிக்கொண்டாள்.

ரத்தத்தில் கிருமி புகுந்துவிட்டால் அன்று டாக்டர் கையில் மருந்து கிடையாது. எங்கள் ஊரிலேயே 1887-இல் பிறந்த ஒருவர், பிற்காலத்தில் ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தராக உலகம் அறிந்தவர், துறவுக்கு முன்னால் பத்து வருஷம் மலேயாவில் தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டராக இருந்தார். 1923-இல் அவர் ஊர் திரும்பிய வரைக்கும் எந்த டாக்டரிடமும், எவ்வளவு கெட்டிக்காரரானாலும், இந்த ஜுரத்துக்குச் சரியான மருந்து இல்லை. முதல் மருந்து ஜெர்மனியில் டோமாக் கண்ட 'பிராண்டோஸில்' என்ற சிவப்புச் சாயம். அவர் மகளுக்கே ஊசி குத்தி ரத்தத்தில் விஷமேறியபோது, கையை வெட்டவேண்டும் என்ற நிலையில், அதைக் கொடுத்துக் காப்பாற்றினார். லண்டனில் கோல்புரூக் என்பவர் பிரசவ ஜுரம் கண்ட 38 பெண்களுக்கு அதைக் கொடுத்ததில் இறந்தவர்கள் மூன்றே பேர் என்று 1936-இல் அறிவித்தார். அதற்கு முன் அதே ஆஸ்பத்திரியில் நாலைந்து பேருக்கு ஒருவர் போய்க்கொண்டிருந்தார்கள். 1936! இரண்டே வருஷம் தள்ளி என் பெரியம்மைக்குக் கல்யாணமாகியிருந்தால் என்று என் தாயாரிடம் ஒருமுறை சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. சொல்லியிருக்கக்கூடாது.

பென்ஸிலின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆகையால் ஒரே ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1942 மார்ச்சில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்து ஆஸ்பத்திரியில், கருச்சிதைவுக்குப் பின் ரத்தத்தில் கிருமி புகுந்து, ஒரு மாதமாக ஜுரத்தில் செத்துக்கொண்டிருந்தாள் ஆன் மில்லர் என்பவள். சிறிதளவு பென்ஸிலின் வரவழைத்துக் கொடுத்தார்கள். மறுநாள் ஜுரம் இறங்கியது. மருந்து அவ்வளவு அருமையாக இருந்ததால் அவளுடைய சிறுநீரிலிருந்தே மறுபடி பிரித்தெடுத்தார்கள்! அவள் 1999 வரை, தொண்ணூறு வயது வரை வாழ்ந்தாள். (அந்த ஊரில் உள்ள ஏல் சர்வகலாசாலை, நம் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்து பணம் சேர்த்த ஏல் துரையின் பெயரால் வழங்குவது.) நம் நாட்டிலும் 1954-இல் பிம்ப்ரியில் சர்க்கார் தொழிற்சாலை ஏற்பட்டது. ஜன்னி என்ற சொல் வீடுகளில் மறைய ஆரம்பித்தது. ஆச்சியின் கட்டளையும் தளர்ந்தது. என் தங்கை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். ஆச்சி மூன்று நாளும் கட்டிலடியில் உட்கார்ந்து காவல் காத்தாள். வந்தவர் போனவர் கையை எல்லாம் உற்றுப் பார்த்தாள் என்று என் தாயார் சொல்லிச் சிரிப்பாள்.

இங்கேயே முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன்.

1934-இல் பிழைத்த அந்த ஆண் குழந்தையை ஆச்சிதான் வளர்த்தாள். எனக்கு அவர் அண்ணாச்சி. நான் நீந்தப் பழகியது அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, கன்னடியன் கால்வாயில். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றார். 2014-இல், எண்பதாவது வயதில், கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். பளிங்குத் தரை, குளிர்சாதனம். சிகிச்சை நன்றாகவே நடந்தது. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கட்டும் என்றார்கள். கழுத்து நரம்பில் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தியிருந்தார்கள். அதன் நுனி இருதயத்துக்கு அருகே போய் நிற்குமாம். மருந்தெல்லாம் அதன் வழியே. இரண்டு நாள் ஆறு நாளாயிற்று. ஏழாம் நாள் உடம்பு தூக்கிப்போடும் குளிர்.

ரத்தத்தை இரண்டு மூன்று சீசாக்களில் எடுத்து, வெதுவெதுப்பில் வைத்து, கிருமி முளைக்கிறதா என்று பார்த்தார்கள். முளைத்தது. 'கிளெப்ஸியெல்லா' என்று பெயர் சொன்னார்கள். கழுத்துக் குழாயில் இம்மாதிரிக் கிருமிகள் பாசிபோலப் படர்ந்து ஒட்டிக்கொள்ளுமாம். அங்கிருந்து நேரே ரத்தம்தான். எந்த மருந்துக்கும் பணியவில்லை. கடைசியாகக் கொலிஸ்டின் என்ற பழைய மருந்தைக் கொடுத்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்த மருந்து. மற்றவை தோற்றுப்போனதால் திரும்ப அழைத்துவந்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நாள் அண்ணாச்சி போய்விட்டார். கடைசி நாலு நாள் பிதற்றினார். பாடம் நடத்தினார்.

மருந்து ஏன் தோற்றது? இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் நம்மவர். தரமணியில், அதே லட்சுமணசாமி முதலியாரின் பெயரைத் தாங்கிய சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த கார்த்திகேயன் குமாரசாமி. அவரும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உயர்தர மருந்துகளையும் சிதைத்துவிடும் ஒரு நொதியை உண்டாக்கத் தெரிந்துகொண்ட கிருமிகள் சென்னையில் 44 மாதிரிகளிலும் ஹரியானாவில் 26 மாதிரிகளிலும் இருந்ததைக் காட்டினார்கள். அந்த நொதியை முதலில் கண்டது 2008-இல், டில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரிடம். ஆகையால் அதற்கு டில்லியின் பெயரையே சூட்டியிருந்தார்கள். உடனே இங்கே பெரும் கூச்சல். நம் வைத்தியத் தொழிலைக் கெடுக்கச் சதி என்று பார்லிமெண்ட் வரை பேச்சு. கனவான்களின் கை சுத்தமானது என்று பிலடெல்பியாப் பேராசிரியர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. பெயர் வைத்த முறை சரியல்லதான். ஆனால் பெயரைப் பற்றிச் சண்டை போடும் நேரத்தில் கிருமி சும்மா இருக்குமா? நல்ல வேளையாக, 2012-இல் டாக்டர்களே சென்னையில் கூடி இதற்கு வழி காணவேண்டும் என்று ஒரு பிரகடனம் செய்தார்கள். 2014 மார்ச்சிலிருந்து சில உயர்ந்த மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, விற்றால் கணக்கு வைக்கவேண்டும் என்று சட்டமும் வந்தது.

மருந்துக் கடைக்காரரைக் குறை சொல்வது சுலபம். நான் சொல்லவேண்டியது வேறு. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும், கையில் தடவிக்கொள்ளும் சாராய மருந்துச் சீசா ஒன்று தொங்கிற்று. பார்வையாளர் நேரத்தில் நான் அண்ணாச்சி பக்கத்தில் நின்றிருந்தேன். பெரிய டாக்டர் வந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் வயிற்றுக் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நேரே வந்து அண்ணாச்சியின் கழுத்துக் குழாயைத் திருப்பிப் பார்த்தார். சீசாவைத் தொடவில்லை. கூட நின்ற நர்ஸ் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஸெம்மல்வைஸின் முதல் கட்டில் கதையை வாசித்து இருபது வருஷம் ஆகியிருந்தது எனக்கு. அவ்வளவு பெரிய டாக்டரிடம், ஐயா, கையைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொல்வது? கோபித்துக்கொண்டால் நாளைக்கு அண்ணாச்சியை யார் கவனிப்பார்? வாயை மூடிக்கொண்டு, கும்பிட்டேன்.

அந்தக் கைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். எத்தனையோ கைகள் அந்தக் குழாயைத் தொட்டன. பார்க்கப் போனால், அண்ணாச்சியின் போர்வையைச் சரிசெய்த என் கையும் அங்கேதான் இருந்தது. ஆச்சியும் தாத்தாவும் போட்ட வழக்கு இதிலும் தீராது.

காரியமெல்லாம் முடிந்தபின் அண்ணாச்சி மகள் பரணிலிருந்து ஒரு பாயை இறக்கினாள். 1933-இல் பெரியம்மை கல்யாணத்துக்கு ஆச்சி நெய்யச் சொன்ன பாய். ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. சாய எழுத்தில் இரண்டு பெயர்களும் மங்காமல் இருந்தன. இப்போது அது என் வீட்டில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் பீட்டர் புரோனவோஸ்ட் என்ற டாக்டர் 2001-இல் ஒரு காரியம் செய்தார். கழுத்து நரம்பில் குழாய் போடுவதற்கு முன் செய்யவேண்டியவற்றை ஐந்து வரியில் எழுதினார். கை கழுவு, தோலை மருந்தால் சுத்தம் செய், நோயாளியை முழுதும் மூடு, நீயும் முகமூடி, அங்கி, கையுறை போட்டுக்கொள், தொடை நரம்பைக் கூடியவரை தவிர், தேவை தீர்ந்த அன்றே குழாயை எடுத்துவிடு. இதில் புதிது என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. டாக்டர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்ததுதான். புதிது என்னவென்றால், ஒரு வரி விட்டுப்போனால் டாக்டரை நிறுத்திவிட நர்ஸுக்கு அதிகாரம் கொடுத்தார். மிச்சிகன் ராஜ்யத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைச் செய்து பார்த்தார்கள்; பதினெட்டு மாதத்தில் இந்த ரத்த வியாதி 66 சதவிகிதம் வரை குறைந்துவிட்டது என்று 2006-இல் அறிவித்தார்கள். புது மருந்து ஒரு சொட்டும் இல்லாமல்! வியன்னாவில் நடந்ததும் இதுதான், இங்கே கூடுதலாக நர்ஸுக்கு வாய் கிடைத்தது.

சென்ற வருஷம் எனக்கே மூத்திரக் கல் உபத்திரவம் வந்து நாலு நாள் ஓர் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தது. கையில் ஊசி சொருகி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலை ஓர் இளம் டாக்டர், பக்கத்துக் கட்டில்காரரின் காலைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கையை நீட்டினார். நெஞ்சு படபடத்தது. "தம்பி, அந்தச் சீசா..." என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு முகம் சிவந்தது. ஒன்றும் சொல்லாமல் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ச் சீசாவை அமுக்கினார். காற்றுத்தான் வந்தது. காலி.

நர்ஸ் வேறொன்று கொண்டுவர ஓடினாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. அதுவரை டாக்டர் என்னைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்கவைத்த பையனைப்போல நின்றார். எந்த ஊர் என்று கேட்டார். பத்தமடை என்றேன்.

"நல்ல பாயா ஒண்ணு கெடைக்குமா, தாத்தா?" என்றார்.